ஆல்ட்டோவுக்கு இரண்டு எஃப்

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவிக்கு இடது காது போய்விட்டது. வலது காது நன்றாக இருக்கிறது, இடது இனித் திரும்பாது என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னார். அவளுக்கு இடப்பக்கம் நின்று சொன்னதால் அவளுக்குப் பாதிதான் கேட்டது. மீதியை நான் ஆட்டோவில் சொல்ல வேண்டியதாயிற்று. வண்டி கரமனைப் பாலம் தாண்டியது. அப்புறம், "கொயர்ல யாருட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

திருவனந்தபுரத்தில் தமிழில் ஆராதனை நடக்கிற சிறிய சபை எங்களுடையது. பாடகர் குழுவில் இருபது பேர். அவள் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தணிந்த குரல். மெட்டை எடுத்துக்கொண்டு போவது சொப்ரானோ பெண்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஆல்ட்டோவை யாரும் முணுமுணுப்பதில்லை. அது இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான், என்னவோ குறைகிறதே என்று தோன்றும்.

இத்தனை வருடமும் அவள் பக்கத்துப் பெண்ணின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்கிறாள். அந்தப் பெண் உட்காருவது இடப்பக்கம். இப்போது அந்தப் பக்கமே இல்லை. மற்ற மூன்று குரல்களும் ஒரே காதில் வந்து மோதின. ஆறு மாதம் சமாளித்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே நிறுத்திக்கிடுகேன். தப்பாப் பாடி நாலு பேரு திரும்பிப் பாக்கதுக்கு முன்னால நாமளே எறங்கிரணும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அடுக்களையிலிருந்து பாட்டுச் சத்தம் வராத வீட்டில் எனக்கு இருந்து பழக்கமில்லை. அவள் நிறுத்தினால் என்னால் தாங்க முடியாது என்று சொல்லத் தெரியாமல், "நான் ஒரு வழி பண்ணுகேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

நான் கட்டட வரைபடம் வரைகிறவன். எந்த மென்பொருள் வந்தாலும் கையேட்டைப் படிக்காமல் திறந்து தட்டிப் பார்த்தே கற்றுக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இசைக்குறிப்பு எழுதுகிற மென்பொருள் ஒன்றை இறக்கி, கிறிஸ்துமஸுக்குப் பாட வேண்டிய தாலாட்டின் நான்கு குரல்களையும் இரண்டு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஏற்றினேன். ஸ்வரம் தெரியாதவன் புள்ளி புள்ளியாகப் பார்த்து எழுதினேன், தூணுக்குக் கம்பி எண்ணி வரைகிற மாதிரி.

பொத்தானை அழுத்தியதும் நான்கு குரலும் ஒரே அளவில் ஒலித்தன. அவள் வலது காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டாள். முகம் வாடிவிட்டது.

"சந்தைல நிக்க மாதிரி இருக்கு. என் வழி எதுன்னே தெரியல்ல."

துழாவினேன். மென்பொருளில் எழுத்துகள் வரிசையாக இருந்தன. பி போட்டால் மெதுவாக ஒலிக்கும், எஃப் போட்டால் உரக்க. இரண்டிரண்டாகப் போட்டால் இன்னும் மெதுவாக, இன்னும் உரக்க. விஷயம் கைக்குள் வந்துவிட்டது! பழைய தாளைப் பார்த்து ஆல்ட்டோ வரியில் போட்டிருந்த பி-க்களை எல்லாம் அழித்து இரண்டு எஃப் போட்டேன். மற்ற மூன்றுக்கும் இரண்டு பி.

மறுபடி ஓடவிட்டேன். அவள் விரல் மேசையில் தாளம் போட ஆரம்பித்தது. "இது தான், இது தான்" என்றாள். அன்று தோசை வார்த்துக்கொண்டே பாடினாள். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

நான் பாட்டைக் கணினியில் ஏற்றியது கொயர் மாஸ்டர் காதுக்கு எட்டிவிட்டது. "அண்ணாச்சி, நம்ம தாளு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மங்கிப் போச்சு. நீங்க அடிச்சத இருபது காப்பி எடுத்துத் தருவீங்கல்லா?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் உச்சி குளிர்ந்துபோய், பழவங்காடியில் ஒரு கடைக்குப் போய், கனமான தாளில் இருபது காப்பி எடுத்துக் கொடுத்தேன். என்ன அச்சாகியிருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை.

எங்கள் கொயருக்கு ஒரு சட்டம் உண்டு. தாளில் இருப்பதைப் பாட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. எப்போதோ வந்த சண்டைக்குப் பிறகு போட்ட சட்டம். ஒரு பாட்டில் அச்சுப்பிழையாக இரண்டு தடவை வந்த வரியை இன்றுவரை இரண்டு தடவைதான் பாடுகிறார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் கையில் என் தாள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பயிற்சி. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் கையை உயர்த்தினார். மூன்று பக்கத்திலிருந்தும் மூச்சுக்காற்று போல் ஏதோ வந்தது. அதன் மேல் ஆல்ட்டோ பெண்கள் ஐந்து பேரும் தொண்டை நரம்பு புடைக்க, கண்ணுறங்கு பாலனே என்று ஒரு சத்தம் போட்டார்கள். ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! பாப்பா எழும்பிரும்!" என்றார் மாஸ்டர்.

மனைவிக்கு இடப்பக்கம் உட்காரும் ஆசிரியை தாளைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு எஃப் கெடக்கு மாஸ்டரே. தாள்ல உள்ளதத்தான பாடுனோம்?"

"எங்களுக்கு ரெண்டு பி. மூச்சு விடவே பயந்துட்டு இருந்தோம்" என்றார் ஓர் ஆண் குரல்காரர்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அவள் ஆறு மாதமாக மறைத்து வைத்தது வெளியே வந்துவிடும். "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு..." என்று இழுத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். "கோளாறு ஒண்ணும் இல்ல. எனக்கு ஆறு மாசமா இடது காது கேக்கல்ல. நான் வீட்டுல இருந்து படிக்கதுக்காக எனக்க வீட்டுக்காரர் அப்படிப் போட்டாரு. அது தாள்ல வந்துட்டு."

அவள் தாளை மடித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல. அப்போது அந்த ஆசிரியை தன் நாற்காலியைத் தூக்கினார். சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"இத முன்னாலயே சொல்லப்படாதா அக்கா? ஆறு மாசமா கேக்காத காதுலயா நான் பாடிட்டு இருக்கேன்?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "சாரமில்ல, விடுங்க. எல்லாரும் அத வெட்டிட்டு ஒரு பி போடுங்க. முதல்லேருந்து எடுப்போம்." என் கனமான தாள்கள் இருபதிலும் பென்சில் ஓடியது.

பஸ்ஸில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். "கோயிலுக்குள்ள வச்சே பொய் சொல்லப் பாத்தீங்க, அல்லே?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை முதன்முறையாகக் கையேட்டைப் படித்தேன். மிக்ஸர் என்று ஒன்று தனியாக இருந்திருக்கிறது. குரலுக்கு ஒரு நகர்த்தி, மேலும் கீழும் இழுக்கிற மாதிரி. அதை ஏற்றினாலும் இறக்கினாலும் கேட்கிற சத்தம் மட்டும்தான் மாறும், தாளில் ஒன்றும் மாறாது. எழுத்து பாடுகிறவர்களுக்கு, நகர்த்தி கேட்கிறவர்களுக்கு. அந்த பி-க்களை எல்லாம் பழையபடி அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, ஆல்ட்டோ நகர்த்தியை உச்சிக்கு ஏற்றினேன்.

இரண்டு நாள் அப்படியே கேட்டுப் பாடிப் பழகினாள். மூன்றாம் நாள், "எனக்குள்ளத கொஞ்சம் கொறைங்க. மத்தவங்க பாடுகதும் கேக்கட்டு" என்றாள். எனக்கு மனசில்லை, ஆனாலும் கொஞ்சம் இறக்கினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் என்றாள். இப்படியே ஒவ்வொரு மாலையும் ஆல்ட்டோ இறங்கிக்கொண்டே வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஸ்பீக்கர்ல போடுங்க. ஆல்ட்டோவ மொத்தமா அணச்சிருங்க."

"மொத்தமாவா?"

"மொத்தமா."

இறக்கினேன். மூன்று குரல்கள் தொடங்கின. நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது. அவள் மூச்சை இழுத்து அந்த இடத்தில் பாடத் தொடங்கினாள், தாளில் இருந்தபடி மெதுவாக. தடுமாறினால் சட்டென்று ஏற்றிவிடலாம் என்று நான் மவுஸின் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை. இரண்டாவது சரணத்தில் அவள் பாட்டை நிறுத்தாமலே என் கையைப் பிடித்து, அதிலிருந்து எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.