கைக்குட்டைக்குள் வளையல்

அமெரிக்காவில், ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில்தான் எனக்கு வளைகாப்பு நடந்தது. இதே நாட்டில் ஐசலின் ஊரிலிருக்கும் நாத்தனார் பார்சலில் அனுப்பிய கண்ணாடி வளையல்களை, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு கையிலும் முழங்கை வரை அடுக்கிவிட்டார்கள். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று போனில் மாமியார் கட்டளை. ஆபீஸில் கீபோர்டைத் தொட்டாலே கலகலவென்று சத்தம். அடுத்த க்யூபிக்கிள்காரர் எட்டி எட்டிப் பார்ப்பார். மானம் போகிறதே என்று இரண்டு கையிலும் வளையல்கள் மேல் ஆளுக்கொரு பெரிய கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதக் கடைசியில் ஒருநாள் ஆபீஸிலிருந்து நேராகக் குழந்தையின் இதயத்துடிப்புச் சோதனைக்குப் போனேன். வீட்டுக்காரரும் வந்துவிட்டார். நர்ஸ் என் வயிற்றில் பெல்ட் கட்டினார். மெஷினில் குழந்தையின் துடிப்பைக் கோடாக வரைந்தபடி காகிதம் ஓடியது. குழந்தை அசைந்தாலோ திடுக்கிட்டாலோ உடம்பில் ஹார்மோன் சுரந்து இதயம் வேகமெடுக்கும், கோடு மேலே ஏறும், பிறப்பதற்கு முன்பே குழந்தைக்கு அந்தத் திறன் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்கள் கோடு ஏறவே இல்லை. இப்படியே இருந்தால் இன்றைக்கே குழந்தையை எடுக்க வேண்டிவரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் ஆறுதலா சொல்வார்?

"காலைல ஒழுங்கா சாப்ட்டியா? போன வாரமே லீவ் அப்ளை பண்ணுன்னு சொன்னேன், கேட்டியா?"

"ஆமா, எல்லாம் என் தப்புதான்! உங்களுக்கு வேற பேச்சே வராதா?" என்று கையை உதறினேன். அந்தக் கையின் கட்டு அவிழ்ந்து கைக்குட்டை கீழே விழுந்தது. வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. வயிற்றுக்குள் ஒரே துள்ளல். கோடு விறுவிறுவென்று ஏறியது.

"ஏய், ஏறுதுடி! நிறுத்தாத, இன்னும் திட்டு!"

விடுவேனா? கல்யாணத்தன்றிலிருந்து மனசில் கிடந்ததையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிக் கொட்டினேன். குழந்தையை எழுப்ப, சத்தம் போடும் கருவி ஒன்றைக் கொண்டுவந்த நர்ஸ், அதைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

டாக்டரம்மா வந்து காகிதத்தைப் பார்த்தார். குழந்தை அசந்து தூங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் கத்தினால் உடனே எழுந்துகொள்ளும் ஒரு ஆள், அப்பாடா, கடைசியில் எங்கள் குடும்பத்துக்கு வரப்போகிறது.