மில்லுக்காரருக்கு விழுந்த அடி

அப்பா இருந்த பேண்டு செட்டில் எந்த வாத்தியத்தையும் அதன் சொந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. கிளாரினெட் என்றால் அழுமூஞ்சி. சும்மா சும்மா மோதிக்கொள்ளும் இரண்டு தட்டுகளும் ஓரகத்திகள். இழுத்து இழுத்து அடிக்கும் டிராம்போன், வாய்தா வக்கீல். வயிறு பெருத்த ஊதுகுழல் யூபோனியம், நிறைமாசம். மாமல்லபுரத்து ஓட்டல் கல்யாணங்களுக்கு வேன் ஏறும்போது, "ஓரகத்திங்கள பக்கத்து பக்கத்துல வைக்காத, வழியெல்லாம் சண்ட போட்டுகினு வருவாளுங்க" என்று சித்தப்பா சொல்வார். அவர்தான் அழுமூஞ்சியை ஊதுபவர். அவர் பேச்சைக் கேட்கவே நான் வேன் வரை போவேன்.

அப்பா அடித்தது பெரிய டிரம். அதற்கு அப்போது பூசணிக்காய் என்று பெயர்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, நல்ல மழைக்காலத்தில், அத்தை இறந்துபோனாள். அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா அவள். பாடை ரைஸ் மில் முனைக்கு வந்தபோது, அங்கே மில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் அவருடைய ஆட்கள். மரியாதை செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அங்கே என்னவோ பேசினார்கள். பிறகு தார் ரோட்டை விட்டு வயலில் இறக்கி, முழங்கால் சேற்றில் அத்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாருக்கோ கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. வெளியே வந்த அத்தையின் கையில் சேறு அப்பிக்கொண்டது. அப்பா சட்டையைக் கழற்றி அதைத் துடைத்தார். பேண்டு வாசிக்கவில்லை. சேற்றில் யார் வாசிப்பது?

ஏன் ரோட்டில் போகவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "இது குறுக்கு வழி" என்றாள். நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் டிரம்முக்கு மில்லுக்காரர் என்று பெயர் மாறியது. இவருக்கும் தொப்பை, அவருக்கும் தொப்பை, பொருத்தம் பிரமாதம் என்று எனக்கு ஒரே குஷி. "மில்லுக்காரரு நமுத்துப் பூட்டாரு, வெயில்ல போடு" என்பார்கள். "ரெண்டு குடு, வழிக்கு வருவாரு" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவைத் தவிர.

அடுத்த கோடையில் நிஜமான மில்லுக்காரர் செத்துப்போனார். அவருடைய மகன் பைக்கை விட்டு இறங்காமலே, "நைனாவுக்கு பேண்டு வேணும். நல்லா கேக்கறா மாரி அடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"போவாத. ஒடம்பு முடிலன்னு சொல்லிடு" என்றாள் அம்மா.

"இன்னிக்கி போலன்னா இந்தப் பக்கம் ஒருத்தனும் நம்மள கூப்புட மாட்டான் அண்ணி" என்றார் சித்தப்பா.

அப்பா டிரம்மை எடுத்துத் துடைத்தார். "போறேன். அந்த ரோட்லதான போவப்போறான். பாக்கறேன்."

நானும் பின்னால் ஓடினேன். இரண்டு மில்லுக்காரர்கள் ஒரே ஊர்வலத்தில் போகிறார்கள். ஒருவர் பூப்பல்லக்கில், இன்னொருவர் அப்பாவின் வயிற்றின் மேல். சித்தப்பா ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று காத்திருந்தேன். அழுமூஞ்சி அழுதது, நிறைமாசம் முனகியது. மனிதர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மில் முனை வந்ததும் அப்பா நின்றுவிட்டார். எங்கள் தெருப் பிணம் அந்த முனையைத் தாண்டி ரோட்டில் போகக் கூடாது என்று அன்றைக்கு நாற்காலி போட்டு மறித்தவர், இப்போது அதே ரோட்டில் பூவோடு போய்க்கொண்டிருந்தார். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அப்பா வயலைப் பார்த்தபடி அடித்தார். அதில் தாளமே இல்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. "போதும்ணா, வாண்ணா" என்று சித்தப்பா தோளைப் பிடித்தார். டிரம்மின் தோல் கிழிந்த பிறகுதான் அப்பா நிறுத்தினார்.

முன்னால் போய்விட்ட மகன் திரும்பி வந்தான். "பெத்த புள்ள நானே இப்டி அழுவல" என்று தழுதழுத்து, தன் தோளிலிருந்த சால்வையை விரல் படாமல் அப்பாவின் கைமேல் போட்டான். அப்பா வாங்கிக்கொண்டார். கும்பிடும் போட்டார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "அத்த செத்ததுக்குக்கூட நீ அடிக்கல. அவுரு அவ்ளோ நல்லவராப்பா?"

அப்பா, "வெயிலு கொளுத்துது" என்று சால்வையை என் தலையில் போட்டுவிட்டு, கிழிந்த டிரம்மோடு முன்னால் நடந்தார்.

சரிகை பளபளக்க, ரோட்டின் நடுவில், மகாராணி மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற அம்மா அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். அழகான சால்வையாயிற்றே என்று நான் அழுத அழுகைக்கு, அப்பா ஏன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பதும் அன்றைக்குப் புரியவில்லை.