கோவிந்தா சொல்லாத பாதம்

1. நொண்டாமல் வந்தவர்

தீமிதி முடிந்த வாரம் அது. விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். காலையில் துணை சுகாதார நிலையத்தைத் திறந்து தடுப்பூசிப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, கரும்பு விவசாயி ஏழுமலை அண்ணன் மனைவியோடு உள்ளே வந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்து கறுத்திருந்தது. ஆனால் மனிதர் கொஞ்சமும் நொண்டவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

துணியைப் பிரித்தேன். பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் ஒரு கரித்துண்டு புதைந்திருந்தது. சுற்றிலும் சீழ்.

"வலிக்கலியாண்ணே?"

"வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருக்க மாட்டனா சிஸ்டர்? சரோஜாதான், பாயெல்லாம் கறையா இருக்குதுன்னு சத்தம் போட்டுக்கினு இருந்தா. அப்புறம்தான் காலத் திருப்பிப் பாத்தேன்."

அவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. நம் ஆட்கள் சொல்வதுபோல் சொன்னால், சுகர். மாத்திரையை ஞாபகம் வந்தால் சாப்பிடுவார். சுகர் நெடுநாள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் நெருப்பு சுட்டாலும் தெரியாது. அன்றே 108-ஐ வரவழைத்து விழுப்புரத்துக்கு அனுப்பினேன். கால் தப்பியது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியவரைப் பார்க்கப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வர்ற வருஷமும் மிதிப்பேன் சிஸ்டர். என் விரதத்துல ஏதோ குறை இருந்திருக்குது. அதான் அம்மா சுட்டுட்டா."

வாசலில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்த சரோஜாக்கா தலை நிமிரவில்லை. "காப்பு கட்டிக்கினு குடிச்சாருன்னு ஊரே பேசுது. ஒரு சொட்டு தொடல. நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்?" என்றார்.

போன விரலைவிட அந்தப் பேச்சுதான் அந்த வீட்டை அதிகம் வாட்டிக்கொண்டிருந்தது.

2. கூடாது என்று சொன்னோம்

எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. பாரதம் படிப்பார்கள், கூத்து நடக்கும், கடைசியில் தீமிதி. காப்புக் கட்டியவர்கள் விரதமிருந்து, மஞ்சள் துணி உடுத்தி, 'கோவிந்தா' என்று குரல் கொடுத்தபடி குண்டத்தில் இறங்குவார்கள்.

ஏழுமலை அண்ணனுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு ஒவ்வொரு தெருக் கூட்டத்திலும், "சுகர் இருக்கிறவங்க தீ மிதிக்கக் கூடாது" என்று பேசினேன். சார்ட் ஒட்டினேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் வேலை நடக்கிறது என்று இருந்தேன்.

அடுத்த திருவிழா நெருங்கியதும் மாத்திரை வாங்க வருகிற கூட்டம் குறைய ஆரம்பித்தது. வழக்கமாக வருகிற ஒருவரைத் தெருவில் மடக்கிக் கேட்டேன். "எனக்கு சுகரே இல்ல சிஸ்டர், போயிடிச்சி" என்று சைக்கிளை வேகமாக மிதித்துவிட்டார். சுகர் இருப்பது தெரிந்தால் காப்புக் கட்ட விடமாட்டார்கள் என்று எல்லோரும் நோயையே மறைத்துவிட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். யோசித்துவிட்டு, "மிதிக்கறத நம்மால நிறுத்த முடியாது சிஸ்டர். யாருக்குக் கால்ல உணர்ச்சி இல்லன்னாவது முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா பாருங்க" என்று ஒரு மோனோஃபிலமென்ட் கொடுத்தார். பேனா போல ஒரு பிடி. நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து இழை வளைகிற வரை அழுத்த வேண்டும். தொட்டது தெரிந்தால் நரம்பு வேலை செய்கிறது.

கருவி கிடைத்துவிட்டது. காலை யார் நீட்டுவார்கள்?

3. பூசாரி சொன்ன விதி

பூசாரி பலராமன் ஐயாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. கரகத்தைத் தலையில் வைத்து முதலில் குண்டத்தில் இறங்குகிறவர் அவர்தான். அவர் இறங்கிய பிறகே மற்றவர்கள். பீடி கிடையாது, குடி கிடையாது. ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

நான் போனபோது கோயில் பிராகாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். உபதேசம் செய்யும் எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிட்டேன். காப்புக்கு என்னென்ன முறை என்று மட்டும் கேட்டேன். மகிழ்ச்சியாகச் சொல்ல ஆரம்பித்தார். கவிச்சி கூடாது. பாயில் படுக்கக் கூடாது. காப்புக் கட்டுவதற்கு முன்னால் மனைவியோ அக்கா தங்கையோ மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவிவிட வேண்டும்.

"கால எதுக்குங்க ஐயா கழுவறது?"

"அம்மா மடியில வைக்கப் போற காலும்மா. அழுக்கோட, புண்ணோட வைக்கலாமா?"

"புண்ணு இருந்தா?"

"புண்ணு இருந்தா காப்பு கிடையாது. எங்கப்பா காலத்துல ஒவ்வொரு காலா குனிஞ்சி பாப்பாரு. பாத்துட்டுத்தான் கட்டுவாரு."

"இப்ப யாருங்க பாக்கறது?"

துடைப்பத்தை நிறுத்தினார். "இப்ப எங்க? கூட்டம் ஜாஸ்தி. ஜல்தி ஜல்தியா கட்டி அனுப்பறோம்."

நான் ஒரு வருடமாகத் தொண்டை வற்றப் பேசியது அவர்கள் முறையிலேயே இருந்திருக்கிறது. "அந்தப் பாக்கற வேலைய இந்த வருஷம் நான் செய்யட்டுங்களா?" என்று கேட்டு, கருவியை எடுத்துக் காட்டினேன். தொட்டது தெரிந்தால் 'ஆமாம்' சொல்ல வேண்டும் என்றேன்.

"ஆமா ஆமான்னா இன்னா, ஏலம் எடுக்கறாப்பல? கோவிந்தா சொல்லச் சொல்லு. மொதல்ல என் காலப் பாரு. அப்பத்தான் மத்தவனுங்க நீட்டுவானுங்க."

4. காப்புக் கட்டிய நாள்

கோயில் முன்பு பந்தல். வரிசையாக அண்டாக்களில் மஞ்சள் தண்ணீர். பூசாரி ஐயா பலகையில் உட்கார்ந்தார். அவர் மனைவி காலைக் கழுவித் துடைத்துவிட்டார். காப்புக் கட்ட வந்த ஊரே சுற்றி நின்றது.

"கண்ண மூடிக்குங்க ஐயா. தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

பெருவிரலில் வைத்து அழுத்தினேன். இழை வளைந்தது. அவர் பேசவில்லை. நடுவிரலில் வைத்தேன், குதிகாலுக்கு மேலே வைத்தேன், மற்றக் காலிலும் வைத்தேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"ஆரம்பிக்கலாமே சிஸ்டர்" என்றார், கண்ணை மூடியபடியே.

அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதைக் கேட்டுக் கண்ணைத் திறந்தவர், தன் பாதத்தில் வளைந்து நிற்கும் இழையைப் பார்த்தார்.

"தொட்டுக்கினுதான் இருக்கியா?"

"ஆமாங்க ஐயா."

"இன்னொரு தபா தொடு." மீண்டும் கண்ணை மூடினார். தொட்டேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். கோவிந்தா வரவில்லை.

கரகம் எடுக்கிறவரை ஊர் நடுவில் உட்காரவைத்து இப்படி ஆகிவிட்டதே, இனி இந்த ஊரில் எந்த வீட்டு வாசலை மிதிப்பேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் மெதுவாக எழுந்தார். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த ஏழுமலை அண்ணனைப் பார்த்தார்.

"ஏழுமல, இங்க வா."

அவர் வந்தார். பூசாரி ஐயா அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இவன் விரதத்துல குறைன்னு பேசினீங்க. நானும் கேட்டுக்கினு சும்மாத்தான் இருந்தேன். இப்ப என் காலும் செத்துக் கெடக்குது. என் விரதத்துல இன்னா குறை? எவனாவது சொல்லுங்கடா."

முன்னால் நின்ற சிலர் ஓரடி பின்வாங்கினார்கள்.

"இது அம்மா கோவம் இல்ல. சீக்கு. சிஸ்டர் பாத்து யாருக்கு வாணாங்கறாங்களோ, அவனுக்கு அம்மாவே வாணாங்கறான்னு அர்த்தம். எனக்கும் சேத்துத்தான்."

ஏழுமலை அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சரோஜாக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து பூசாரியின் காலில் விழுந்தார்.

கரகம் பூசாரியின் தம்பி மகன் சங்கருக்குப் போனது. வளவனூரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். இழை பட்டதுமே கூச்சத்தில் துள்ளி, நான் தொடாத இடத்துக்கும் சேர்த்து "கோவிந்தா, கோவிந்தா" என்று கத்தினார். பந்தலே சிரித்தது. அதன் பிறகு வரிசை தானாக நகர்ந்தது. சிலர் பாதங்கள் பேசவில்லை. அவர்கள் தலையைக் குனிந்துகொள்ளாமல் பூசாரியின் பக்கத்தில் போய் நின்றார்கள். விறகு அடுக்குவது, தண்ணீர் சுமப்பது என்று அவர்களுக்கும் அம்மன் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது.

பூசாரிக்கு அங்கேயே விரலில் குத்திப் பார்த்தேன். சுகர் மிக அதிகம். "பொங்கலும் வெல்லமுமா பொழைப்பு, வராம இன்னா பண்ணும்?" என்றார் அவர் மனைவி. மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

5. பால் குழிக்குப் பக்கத்தில்

திருவிழாவின் கடைசி நாள் மாலையில் தீமிதி நடந்தது. குண்டத்தின் முடிவில், மிதித்து வருகிறவர்கள் கால் நனைக்கப் பால் ஊற்றிய சின்னக் குழி இருக்கும். பூசாரி ஐயா அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். சங்கர் கரகத்தோடு நெருப்பில் வந்தபோது பூசாரி ஐயா கைகூப்பிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வர வர, கையைப் பிடித்து ஏற்றி, பாதத்தைப் பார்த்து, கரி ஒட்டியிருந்தவர்களை என் பக்கம் அனுப்பினார்.

எல்லாம் முடிந்ததும், "மனசுக்குக் கஷ்டமா இருக்குங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"மொதல்ல கொஞ்சம் பேஜாராத்தான் இருந்துச்சி. இத்தன வருஷம் முன்னால போயிட்டேன் இல்ல, பின்னால வர்றவங்க மூஞ்சிய நான் பாத்ததே கிடையாது. இன்னிக்கித்தான் பாத்தேன். இன்னா சந்தோஷம் ஒவ்வொரு மூஞ்சியிலும்!"

அந்த வருடம் பெரிய காயம் யாருக்கும் இல்லை. அடுத்த மாதமே மாத்திரைக்கு வருகிறவர்கள் திரும்பி வந்தார்கள். மறைத்தவர்களும் வந்தார்கள். பிராகாரத்துக் கல் மதிய வெயிலில் பூசாரியின் காலைச் சுடாதிருக்க, கோயில்காரர்கள் தேங்காய் நார்ப் பாய் விரித்தார்கள். ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் இருக்கும் எனக்கு இன்றும் காப்புக் கட்டும் நாளுக்கு அழைப்பு வருகிறது. பாதம் பார்க்க இப்போதைய செவிலியர் இருக்கிறார். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ஊரில் போய் 'கூடாது' என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஊர் தானாகவே எதையெல்லாம் கூடாது என்று வைத்திருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் சொல்ல வந்தது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.