தொலையாத மோதிரத்தைத் தேடிய கருவி

பெட்டியைப் பார்த்ததும் வேக்யூம் கிளீனர் என்றுதான் நினைத்தேன். என் கணவர் அதைச் சோபாமேல் கிடத்தி, டேப்பைக் கிழிக்காமல் பேனாக்கத்தியால் பக்குவமாக அறுத்தார். உள்ளேயிருந்து ஒரு கம்பு, வட்டமாக ஒரு தட்டு, சின்னத் திரை வைத்த ஒரு கைப்பிடி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"என்னங்க இது?"

"மெட்டல் டிடெக்டர்."

"வீட்டுல எதைத் தேடப் போறீங்க?"

"வீட்டுல இல்ல. ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பீச்சுக்குப் போலாம். உன் மோதிரம் அங்கதானே விழுந்துச்சு."

அந்த மோதிரம் அங்கே விழவே இல்லை.

பதினான்கு வருடங்களுக்கு முன் என் தங்கை வீட்டை எதிர்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஒரு கைப்பையோடு கிளம்பி வந்தவள். கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் அவள் விரலுக்குப் போட ஒரு மோதிரம்கூட இல்லை. எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு என் மாமியார் செய்து போட்டதை நான் கழற்றிக் கொடுத்துவிட்டேன். "இந்த விஷயத்துல நீ தலையிடாதே" என்று கணவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்த நேரம் அது. அந்த வாரமே கடற்கரையில் ஒரு பிறந்தநாள் பார்பிக்யூ வந்தது. மோதிரம் மணலில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். மனிதர் முட்டி போட்டு, இருட்டும்வரை இரண்டு கையாலும் மணலைச் சலித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மாமியார் காலமாகிவிட்டார். தங்கையோடு எல்லோரும் சமாதானமாகி, அவளும் வரப்போக இருக்கிறாள். பொய் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தீவின் இன்னொரு மூலையில், பொங்கோலில் இருக்கும் தங்கை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். இப்போது பிடோக்கில், எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு புளோக் தள்ளி வீடு வாங்கியிருந்தாள். அடுத்த மாதம் குடிவருகிறாள். இந்த நேரம் பார்த்து இவர் கருவி வாங்குகிறார் என்றால் எனக்குச் சந்தேகம் வராதா?

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். "அத்தானுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

"சான்ஸே இல்லக்கா. நீயா போய் உளறிடாத. சும்மா இரு லா."

சும்மா இருக்க முடியவில்லை. அவர் செய்வதெல்லாம் தப்பாகத் தெரிந்தது. காலிப் பெட்டியைக் குப்பையில் போடப் போனால், "இருக்கட்டும்" என்று பிடுங்கி அலமாரிமேல் வைத்தார். மேசை டிராயரில் கிடந்த என் பவள மோதிரம் முந்தின வாரம் இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் அதே இடத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. அப்போது கேட்டதற்கு, "நீதான் எங்கயாவது வச்சிருப்ப" என்றிருந்தார். சனிக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவர், மூன்று மணி நேரம் கழித்து ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு திரும்பினார். மீன் நன்றாக இல்லையாம். ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர், ஒரு நட்டு வாங்கப் போனாலும் நட்டோடுதான் வருவார். எனக்குத் தெரியாதா இவரை.

ஞாயிறு காலை சுரங்கப்பாதை வழியாகக் கடற்கரைக்கு நடந்தோம். அவர் கம்பை நீட்டிப் பூட்டி, பொத்தானை அழுத்தினார். தட்டை மணலுக்கு ஒட்டினாற்போல் இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே நகர வேண்டும். கீச்சென்று கத்தியது. தோண்டினால் பாட்டில் மூடி. மறுபடி கத்தியது. டின்னைத் திறக்கும் வளையம். பார்பிக்யூ கம்பி, கறுத்துப்போன பத்துக் காசு, மறுபடி டின் வளையம்.

"தங்கம்னா என்ன நம்பர் காட்டும்?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட இந்த வளையத்துக்குக் காட்டுற நம்பர்தான். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

தங்கத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத இந்தப் பொருளுக்கா காசு கொடுத்தார் என்று எரிச்சலாக வந்தது. உள்ளூர நிம்மதியும்தான். அது என்ன கத்தினாலும் என் மோதிரத்தை எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

"இந்தா, நீ பிடி" என்று என் கையில் கொடுத்தார். நினைத்ததைவிடக் கனம். இரண்டு எட்டு வைப்பதற்குள் காரணமில்லாமல் அலறியது. நின்றால் நின்றது, நடந்தால் அலறியது. திருட்டுத்தனம் செய்தவளைக் கண்டுபிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் பதறியே போனேன். என் செருப்பில் இருந்த பக்கிள்தான் காரணம் என்று அவர் சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

"அந்த மரத்துக்கிட்ட ஆட்டிப் பாரு."

"அன்னைக்கு நாம இருந்தது இங்க இல்லியே. அந்தக் கொட்டகைப் பக்கம்."

"மணல் நகரும்" என்றார்.

மரத்தடியில் சத்தம் வந்தது. அதுவரை ஒவ்வொன்றையும் முந்திக்கொண்டு தோண்டியவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீயே தோண்டு."

இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை. மஞ்சளாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. எடுத்து ஊதினேன். மோதிரம். நடுவில் அதே இரட்டை இலை, ஓரத்தில் அதே புள்ளி வேலை. மாமியார் போட்டது எப்படி இருந்ததோ அப்படியே.

என் மோதிரம் பொங்கோலில் தங்கையின் விரலில் இருக்கிறது. முந்தின நாள் வீடியோ காலில்கூடப் பார்த்தேன்.

"போட்டுப் பாரு" என்றார்.

பழைய மோதிரம் என்றால் இப்போது என் விரல் கணுவைத் தாண்டவே தாண்டாது. இந்தப் பதினான்கு வருடத்தில் விரல்கள் அவ்வளவு தடித்துவிட்டன. இது வழுக்கிக்கொண்டு போய் அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. பவள மோதிரம் இரண்டு நாள் எங்கே போயிருந்தது, தேக்காவில் மீன் ஏன் நன்றாக இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் புரிந்தது. அந்தச் சந்தையை ஒட்டிய சிராங்கூன் ரோட்டில் ஏதோ ஒரு நகைக்கடையில், எங்கள் நிச்சயதார்த்தப் போட்டோவைக் காட்டிச் செய்ய வைத்து, இங்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறார்.

இது என்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? அவர் பொய்யைப் பிடித்துக்கொடுக்க என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் பொய்தான். மணலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர் பக்கத்தில் குந்தினார். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு. இங்க குடிவந்தப்புறமும் தினம் அதைக் கழட்டிக் கழட்டி வைக்க வேணாம்னு. வர்றப்பல்லாம் விரல்ல வெள்ளையா தடம் தெரியுது. பாக்கவே கஷ்டமா இருக்கு."

"எப்பலேருந்து தெரியும்?"

"அவ மொத தடவை சாப்பிட வந்தாளே, அன்னைக்கே. விரல்ல மோதிரம் இல்ல, தடம் மட்டும் இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வீட்டிலேயே கையில் கொடுத்திருக்கலாம், ஒரு வாரமாக என்னை இந்தப் பாடு படுத்தியிருக்க வேண்டாம்.

"தெரிஞ்சிருந்தும் எதுக்குங்க இந்த மெஷினு, இவ்ளோ வேலை?"

அவர் தட்டில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மணல்ல விழுந்துச்சுன்னுதானே நீ சொன்ன. வேற எங்கேருந்து எடுத்துக் குடுக்கிறது?"