வேலிக்கு வெளியே இருந்த பிள்ளைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்கு அண்ணாச்சியின் மனைவி ஸ்டெல்லா அக்காவின் போன் வந்தது. "அண்ணாச்சி போயிட்டாங்க தம்பி" என்றார். மாரடைப்பாம். அருள்ராஜ் அண்ணாச்சியோடு ஹூஸ்டனில் ரோடு பிளான் வரைந்தவர்களுக்கும் அவர் வாயால் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வேலையில் அவர் பொல்லாதவர். "கார விட்டு எறங்காதவன் போடுற கோட்ட நம்பாத" என்பார். டெக்ஸஸ் வெயிலில் நடக்க நமக்கென்ன தலையெழுத்தா என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒருமுறை கிராமத்துச் சாலை ஒன்றை அகலப்படுத்தும் வேலை வந்தது. சாலையோரம் பழைய கல்லறைத் தோட்டம். செக் நாட்டிலிருந்து வந்து, அங்கே முதன்முதலில் காடு திருத்திப் பயிர் வைத்த கத்தோலிக்கக் குடும்பங்களுடையது. வேலிதான் எல்லை என்று நினைத்து, அதை ஒட்டியே கோடு போட்டுவிட்டேன். அண்ணாச்சி பிளானைப் பார்த்தார்.

"வேலிக்கு வெளிய பாத்தியா தம்பி? ஞானஸ்நானம் வாங்காம செத்த பிள்ளைங்கள அந்தக் காலத்துல உள்ள விடமாட்டாங்கல்லா."

இந்துக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது தெரியாது. மறுநாள் இருவரும் போனோம். புல்லை விலக்கினால் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. என் கோடு அவற்றின் மேலேயே போயிருந்தது. வெட்கமாக இருந்தது. பக்கத்துப் பண்ணைக் கிழவரை அண்ணாச்சி அழைத்துவந்து காட்டினார். கிழவர் தொப்பியைக் கழற்றினார். தன் அம்மா ஞாயிறுதோறும் வேலிக்கு வெளியே வந்து நின்றது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

எங்கள் பிளானில் சாலை வளைந்தது. ஊர்க்காரர்கள் வேலியைப் பிடுங்கி, பிள்ளைகள் உள்ளே வரும்படி தள்ளி நட்டார்கள். கடைசிக் கம்பம் நடும்வரை அண்ணாச்சி அங்கிருந்து நகரவில்லை.

அவரை அடக்கம் செய்த அன்றுதான் அக்கா சொன்னார். அவர்களுடைய தலைப்பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லையாம். ஊரில் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்திருக்கிறார்கள். இங்கே வேலி நகர்ந்த வருஷத்திலிருந்து, அந்தச் சுவரையும் தள்ளிக் கட்டச் சொல்லி அண்ணாச்சி ஊர்ப் பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாராம். கட்டும் செலவைத் தானே தருவதாகவும் எழுதினாராம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அந்தக் குழந்தைக்குக் கல் கிடையாது, மாதா கோயில் பதிவேட்டில் பெயரும் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் இருவரும் ஒரு பெயர் வைத்துத்தான் அவளைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். அக்கா அதை என்னிடம் சொன்னார். இனி அதைச் சொல்ல அக்காவோடு சேர்த்து நானும் இருக்கிறேன். ரோஸ்லின்.