அம்மனுக்குப் போன நெத்தலி

எங்கள் வீட்டுப் பசு சைவம் இல்லை என்பதை ஆறாம் வகுப்பில் படிக்கும்போது கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த நேரம்தான் சரியில்லை. அம்மன் கோயிலில் கொடியேறியிருந்தது.

அந்த வருடம் நிலாவெளிக் கரையில் சோளகக் காற்று புல்லையெல்லாம் கருக்கிவிட்டது. ஊர் மாடுகள் ஒவ்வொன்றாய்ப் பால் வற்ற, எங்கள் பசு மட்டும் கறந்தது. அபிஷேகப் பால் இனி எங்கள் வீட்டிலிருந்துதான் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். அப்பா கடலோடு போனபிறகு நல்ல காரியங்களில் பின்னால் ஒதுங்கி நின்ற அம்மா, தினமும் காலையில் பால் செம்போடு கோயில் முன்வாசலால் போய்வந்தார். கைராசிக்காரி என்று சனம் கதைத்தது.

திருவிழா முடியும்வரை கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. முன்பே பிடித்த நெத்தலியைப் பக்கத்து வளவில் மாமா வலைமேல் பரப்பி வெயில் காட்டுவார். அது குறைந்துகொண்டே வந்தது. காகத்தின் வேலை என்று முடிவுகட்டி, என் கையில் ஒரு தடியைத் தந்து காவலுக்கு இருத்தினார். காகம் ஒன்றும் வரவில்லை. எங்கள் பசுதான் கயிறு எட்டும்வரை வந்து, நாக்கை நீட்டி, வைக்கோல் தின்பதுபோல அமைதியாகக் கருவாட்டைத் தின்றது.

பள்ளிக்கூடத்தில் அப்போது உணவுச் சங்கிலி நடந்துகொண்டிருந்தது. வெயிலின் சக்தி புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு, பாலாக நமக்கு என்று டீச்சர் அம்புக்குறி போட்டிருந்தார். நான் என் பங்குக்கு மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். கடல்பாசி, நெத்தலி, மாடு, பால், அம்மன். எங்கும் பிழை வரவில்லை. மச்சம் சமைக்கிற சட்டியைக்கூட வெளியே கவிழ்த்துவைத்த வீட்டிலிருந்து அம்மனுக்கு மீன் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அம்மை போட்டுவிடும் என்று உண்மையாகவே பயந்தேன்.

மறுநாள் வகுப்பில், “மாடு கருவாடு தின்னுமோ டீச்சர்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மாடு தாவர உண்ணி, தின்னாது என்று டீச்சர் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

பின்னேரம் அம்மா குசினி வாசலில் பழப்புளி போட்டுச் செம்பை மினுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, எங்கட மாடு மாமான்ர கருவாட்டைத் தின்னுது. நான் கண்டனான்.”

அம்மாவின் கை நின்றது. “ஆருக்கும் சொன்னனியே?”

“டீச்சரிட்டக் கேட்டனான்.”

“அவ என்ன சொன்னவ?”

“மாடு தின்னாதாம்.”

“படிச்ச ஆக்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். போய்க் காலைக் கழுவு.”

கை மறுபடி செம்பைத் தேய்க்கத் தொடங்கியது.

அம்மை ஒன்றும் போடவில்லை. கடைசி நாள் வரைக்கும் அம்மா முன்வாசலால்தான் போனார். அம்மன் மன்னித்துவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மாமாதான் காகங்களைத் திட்டித் திட்டிக் களைத்து, திருவிழா முடியுமுன்பே ஒரு நாள் வலையை எங்கள் பக்கமிருந்து தள்ளி விரித்தார். அடுத்த காலை மாட்டின் கயிறு ஒரு முழம் நீண்டிருந்தது. எங்கள் வீட்டில் மாட்டை அவிழ்ப்பதும் கட்டுவதும் அம்மா மட்டும்தான். கயிறு நீண்டதை நானும் பார்த்தேன். பாவம் மாடு, காலாற நடக்கட்டும் என்று அம்மா விட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.