உச்சி பார்க்கும் உரிமை

எங்கள் வாய்க்காலில் உச்சிவரை மேல்வயல்களுக்குத் தண்ணீர். உச்சிக்குப் பிறகு கீழ்வயல்களுக்கு. சுருளிப்பட்டிப் பக்கம் அந்தக் காலத்தில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் அபூர்வம். அதனால் ஒருவன் வரப்பில் நின்று தன் நிழலைப் பார்த்து, உச்சியானதும் குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் மடையை மாற்றுவார்கள். அது எங்கள் அப்பாவின் உரிமை. வைகாசியில் அவர் போய்ச் சேர்ந்ததும் மூத்தவன் என்று எனக்கு வந்தது.

எனக்கென்று வாய்த்த ஒரே பெருமை அதுதான். மற்றதெல்லாம் தம்பிக்கு. உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடம் அவனுக்கு, ஏர் எனக்கு. அவன் ஜாதகத்தில் கிரகமெல்லாம் உச்சத்தில் நிற்கிறது என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்வாள்; என் பேரில் குச்சனூர்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடுவாள். படிப்பை முடித்து ஊரோடு வந்துவிட்ட அவன், சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தாலே எனக்கு வயிறு எரியும். கூடப் பிறந்தவன் என்பதால் அந்த எரிச்சல் குறைந்துவிடுமா என்ன?

நிழல் காலடிக்குள் வந்தால் உச்சி என்பது அப்பா வாயால் நான் கேட்ட கணக்கு. ஆவணியில் அது சரியாகவே இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக் கிடந்ததால் குத்துமதிப்பாகக் குரல் கொடுத்து ஒப்பேற்றினேன். மார்கழியில் வெயில் வந்தது. நிழல் என் இடுப்பு உயரத்துக்குக் குறுகி, அதோடு நின்றுவிட்டது. காத்திருந்தேன். பிறகு அது கிழக்கே சாய்ந்து நீள ஆரம்பித்தது. அப்போதும் காத்திருந்தேன்.

கீழ்வயல்காரர் ஒருவர், எனக்கு மாமன் முறை, மண்வெட்டியோடு வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர்.

"ஏ மாப்ள, பொழுது மேக்க மலைக்குச் சாஞ்சிருச்சு. எங்க பயிரு வாடுது. எப்பத்தான் கொரல் குடுப்ப?"

"நிழலு காலுக்குள்ள வரலயே மாமா."

"வராதுண்ணே" என்றான் தம்பி. எங்கிருந்துதான் முளைத்தானோ. "நம்ம தலைக்கு நேர் மேல வானத்துல இருக்குற எடந்தேன் உச்சி. சித்திரையிலயும் ஆவணியிலயுந்தேன் சூரியன் அங்கன வரும். மார்கழியில தெக்க ஒதுங்கிப் போயிரும். நிழலு எப்ப ரொம்பக் குட்டையா இருக்கோ, அப்பவே கொரல் குடுக்கணும்."

எல்லாரும் கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்கள். அவன் தப்பாகச் சொல்லியிருந்தால் அங்கேயே ஓர் அறை விட்டிருப்பேன். சரியாகச் சொல்லித் தொலைத்தான்.

"இனிமே இந்தப் புள்ளையே உச்சி பாக்கட்டும்ப்பா, படிச்ச புள்ள" என்றார் மாமா. மற்றவர்கள் தலையாட்டினார்கள். வாங்கிக்கொள்ளடா என்று மனசுக்குள் சொன்னேன். வாங்கிக்கொண்டால் காலம் முழுக்க உன்னை வெளிப்படையாகவே வெறுக்கலாம்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அது அண்ணனுக்கு உள்ளது. அவுகளே பாக்கட்டும். வெவரத்த நான் சொல்லித் தாரேன்."

தங்கமான பிள்ளை என்றார்கள். அப்பா எனக்கு விட்டுப்போனதை அவன் எனக்குத் தானமாகக் கொடுத்துவிட்டான். கை நீட்டாமலே நானும் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு பல வருஷம் அந்த வரப்பில் நின்று நான்தான் குரல் கொடுத்தேன். ஒரு நாளும் தப்பவில்லை. ஆனால் என் குரலைக் கேட்டதும் கீழ்வயல்காரர்கள் ஒரு தடவை அவன் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் தலையசைத்த பிறகுதான் மடையில் மண்வெட்டி இறங்கும்.